வெர்டி சுரண்டிய முகம்

வெர்டி டில்மனுக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மலைப்பக்கத்தில் அவள் அப்பன் வீடு வீடாகப் போய்ப் பன்றி அறுத்துக் கொடுப்பவன். மகன்கள் குடித்துவிட்டுத் திரிந்ததால் கத்தி இவள் கைக்கு வந்தது. ஒருமுறை பெரிய அண்ணன் எல்லோர் முன்னாலும் அவள் சடையைப் பிடித்து இழுத்துக் கேலி செய்தான். கையில் இருந்த வாளியால் அவன் தாடையில் ஓங்கி அடித்தாள். அவன் சாகும்வரை ஒரு பக்கமாகத்தான் மென்று தின்றான்.

அந்தக் கதையைக் கேட்டும் அவளைக் கட்டிக்கொண்டவன் ஆர்லின் டில்மன். அதிர்ந்து பேசாத ஆள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தாழ்நிலத்தில், ஹார்லோ என்ற ஊரை ஒட்டிய பெரிய பருத்திப் பண்ணையில், விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தவன். வெர்டியையும் அங்கேயே கூட்டிப் போனான். அவர்களுக்கு ஓரா என்று ஒரு பெண் குழந்தை.

பஞ்சு விலை விழுந்து, ஊரே வற்றிப்போயிருந்த காலம் அது. ஆனாலும் ஹார்லோவுக்குப் புதிதாகச் செங்கல்லில் ஒரு தபால் ஆபீஸ் கட்டினார்கள். கட்டடம் மட்டும் போதாது, உள்ளே ஒரு சுவரோவியமும் வேண்டும் என்று வாஷிங்டனில் முடிவு செய்தார்கள். பிர்க் என்ற ஓவியரை அனுப்பினார்கள். செயின்ட் லூயிஸ்காரர், ஒல்லியானவர். பருத்தி எடுப்பு மும்முரமாக இருந்தபோது வந்து, அட்டையும் கரித்துண்டுமாக வரப்பு வரப்பாக அலைந்தார்.

"அம்மா, கொஞ்சம் நிமிந்து பாக்கறீங்களா? வானத்தைப் பாக்கற மாதிரி" என்றார் வெர்டியிடம்.

"வானத்துல என்னய்யா இருக்கு? மழை வந்தா பஞ்சு கெட்டுப்போவும், அதான் இருக்கு."

"மழை இல்லைன்னு நெனச்சுப் பாருங்களேன்."

அடுத்த சாலில் குனிந்திருந்த ஆர்லின் தலையைத் தூக்கினான். "அவ சிரிக்கறப்போ போடுங்க சார். கல்யாணத்தன்னைக்குச் சிரிச்சா. அதுக்கப்புறம் சிரிக்கறதுக்கு நான் எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும்."

வெர்டி ஒரு பச்சைக் காயைப் பறித்து அவன் மேல் எறிந்தாள். அது அவன் தொப்பியில் பட்டு விழுந்தது. அவன் சாகப்போகிறவன் மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சுச் சாக்கின் மேல் சரிந்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிர்க்கின் கரித்துண்டு அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டது.

பிர்க் அதே வாரம் க்ளீட் மோபர்லியையும் வரைந்தார். க்ளீட் பண்ணையின் கங்காணி. குதிரை மேலிருந்துதான் வேலை பார்ப்பான். பார்க்க லட்சணமானவன். சேணத்தில் ஒரு சாட்டையும் இடுப்பில் ஒரு துப்பாக்கியும் எப்போதும் இருக்கும். படத்துக்கு வேண்டாம் என்று பிர்க் சொன்னதால் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

பிர்க் தன் ஊருக்குத் திரும்பிப் போனார். படத்தை அங்கே துணியில் தீட்டி, சுருட்டிக்கொண்டு வந்து ஒட்டுவதுதான் வழக்கம். அதற்கு ஒரு வருஷம் போலப் பிடிக்கும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் வாரக்காரர்கள் சங்கம் சேர்ந்தார்கள். கூட்டம் கறுப்பர்களுடைய தேவாலயத்தில் நடந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆர்லினும் போனான். சத்தம் போட்டுப் பேசவில்லை, கை தூக்கினான், அவ்வளவுதான். அது பண்ணைக்குப் போதுமானதாக இருந்தது.

டிசம்பரில், நல்ல குளிர் விழுந்த ஒரு காலையில், டில்மன் வீட்டில் பன்றி அறுத்தார்கள். வெர்டி கழுத்தில் குத்தி இரத்தம் வடித்து, கொப்பரை வெந்நீரில் முக்கி, மரப்பிடி போட்ட சுரண்டியால் மயிரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாதி உடம்பு வெளுத்திருந்தது. க்ளீட் குதிரையில் வந்து சேர்ந்தான், பின்னால் வண்டியில் இரண்டு ஆட்கள்.

"ஆர்லின், சாமானைக் கட்டு. இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணணும்."

"கணக்கு முடிக்காம எப்படிப் போறது? நடுக் குளிர்ல பிள்ளையை வச்சிக்கிட்டு எங்க போவேன்?"

"அந்த தேவாலயத்துல போய்ப் படு. உன் சொந்தக்காரங்க அங்கதானே இருக்காங்க."

ஆர்லின் ஒரு அடி முன்னால் வந்தான். கையில் எதுவும் இல்லை. இதைப் பிறகு வெர்டி எத்தனை பேரிடம் சொன்னாளோ தெரியாது. கையில் எதுவும் இல்லை. க்ளீட் குதிரையிலிருந்து இறங்கி, வண்டியில் கிடந்த குறுக்குக்கட்டையை எடுத்தான். கோவேறு கழுதைகளை ஏரில் பூட்டும் கட்டை அது, இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதுக்கு மேலே. ஆர்லின் கொப்பரை விளிம்பில் மோதி விழுந்தான். விழுந்தவனை க்ளீட் விடவில்லை. கொக்கி உள்ளே இறங்கி வெளியே வரும் சத்தம் பன்றியை வெட்டும் சத்தம் போலவே இருந்தது. அந்தச் சத்தம் தெரிந்தவள் வெர்டி.

அவள் சுரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்திருந்தாள். ஆனால் கூட வந்தவனின் வேட்டைத் துப்பாக்கி அவளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற ஓராவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"கத்தியைக் கீழ போடு" என்றான் அவன். போட்டாள்.

போகும்போது பாதி சுரண்டிய பன்றியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பண்ணைத் தீவனம் தின்ற பன்றி, அதனால் பண்ணைக்குத்தான் சொந்தம் என்றார்கள்.

ஆர்லின் மறுநாள் செத்தான். ஷெரிஃப் வந்து, அவன் கோடாலியை ஓங்கிக்கொண்டு வந்ததாகவும், கங்காணி உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அடித்ததாகவும் எழுதிக்கொண்டு போனார். பண்ணை இடுகாட்டில் புதைத்தார்கள்.

வெர்டி குழந்தையோடு ஊருக்குள் வந்தாள். மொசெல் கெய்ன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி வெளுப்பு வேலை செய்து வாழ்ந்துகொண்டிருந்தாள். அவள் கணவனும் அதே சங்கத்தில் இருந்து, இரவோடு இரவாக வடக்கே ஓடிப்போனவன். மொசெல் தன் கொல்லைக் கொட்டகையில் வெர்டிக்கு இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே கொப்பரையில் ஊர்த் துணியை அவித்தார்கள். போஸ்ட்மாஸ்டர் யூஜின் டேஸ், சண்டை சச்சரவு கண்டாலே ஒதுங்கிப் போகிற மனிதர், மனசு கேட்காமல் வெர்டியைத் தபால் ஆபீஸ் துடைக்க வைத்துக்கொண்டார். தரையில் காய்ந்துபோகும் புகையிலை எச்சிலையும் களிமண்ணையும் பெயர்க்க அவள் தன் பழைய சுரண்டியையே கொண்டுபோனாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில், ஆபீஸ் பூட்டிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிர்க் வந்து படத்தை ஒட்டிவிட்டு மாலை ரயிலிலேயே திரும்பிவிட்டார். ஹார்லோவில் நடந்தது எதுவும் அவர் காதுக்குப் போயிருக்கவில்லை.

திங்கள் காலை வெர்டி கதவைத் திறந்து, வழக்கம்போலக் குனிந்தபடியே துடைத்துக்கொண்டு வந்தாள். போஸ்ட்மாஸ்டர் அறை வாசலுக்கு வந்ததும் வண்ண எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. நிமிர்ந்தாள். கதவுக்கு மேலே சுவர் முழுக்க வெள்ளைப் பருத்தி. பின்னால் கறுப்பின ஆட்கள் குனிந்திருந்தார்கள். அவர்களுக்கு முகமே இல்லை, தொப்பிகள்தான். நடுவில் குதிரை மேல் க்ளீட் மோபர்லி. குனிந்து ஒரு பெண்ணுக்குக் குவளையில் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அவனை அண்ணாந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது வெர்டி.

அவள் வாளியிலேயே வாந்தி எடுத்தாள். பிறகு வாளியைக் கழுவிவிட்டு, டேஸ் வரும்வரை காத்திருந்தாள்.

"டேஸ் ஐயா, அதை எறக்கிடுங்க."

"எனக்கு அதிகாரம் இல்லையே வெர்டி. வாஷிங்டன்ல பாத்து ஒத்துக்கிட்ட படம். ஆணியில மாட்டல, பசை போட்டு ஒட்டியிருக்கு."

"அது ஆர்லினைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு."

டேஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிப் பாக்கறேன்" என்றார். எழுதவும் செய்தார். உழைக்கும் மக்களை மகிழ்ச்சியோடு காட்டுவதே நோக்கம், அந்த விதத்தில் படம் நன்றாக அமைந்திருக்கிறது என்று பதில் வந்தது.

வெர்டி வேலையை விடவில்லை. விட்டால் ஓராவுக்குச் சாப்பாடு இல்லை. தினமும் அதன் அடியில் மண்டியிட்டுத் துடைத்தாள். தபால் எடுக்க வருகிறவர்கள் முதலில் சங்கடப்பட்டார்கள், பிறகு பழகிப்போய், பிறகு வேடிக்கை பேசத் தொடங்கினார்கள். க்ளீட் பண்ணைத் தபாலுக்குத் தினமும் வருவான். ஆரம்பத்தில் படத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டு போனான். பிறகு கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தான்.

"பாத்தியா வெர்டி? யாரு உனக்குத் தண்ணி ஊத்தறான்னு சர்க்காருக்கே தெரிஞ்சிருக்கு."

சிரித்தார்கள். அவர்களில் சிலர் ஆர்லினோடு பஞ்சு எடுத்தவர்கள்தான். வெர்டி துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் காலை, மழை பெய்து ஊரெல்லாம் சேறாக இருந்தது. க்ளீட் வேண்டுமென்றே அவள் துடைத்த இடத்தில் பூட்ஸைத் தேய்த்தான். அவள் மறுபடி துடைத்தாள். மறுபடி தேய்த்தான். வரிசையில் ஆள்கள் நின்றிருந்தார்கள்.

"உன் புருஷன் கடைசியில உன் பேரைச் சொல்லலடி, கவனிச்சியா? அம்மா அம்மான்னுதான் கத்தினான். அவ்வளவு பெரிய ஆம்பள."

வெர்டி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பின்னறைக்குப் போய் ஏணியை எடுத்து வந்தாள். சுரண்டி மேலங்கிப் பையில் இருந்தது. ஏணியைக் கதவோரம் நிறுத்தி ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. விளக்குக் கண்ணாடியைத் துடைக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். சுரண்டியை எடுத்ததும், க்ளீடின் முகத்தைக் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள்.

அவள் தன் முகத்தைச் சுரண்டினாள். முதலில் வாயை. ஈயப் பசையோடு இறுகியிருந்த வண்ணம் சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. பிறகு கன்னம், கண், நெற்றி. பன்றித் தோலில் கை ஓடுகிற அதே அளவான இழுப்பு. கீழே நின்றவர்களின் தொப்பிகளில் சிவப்பும் மஞ்சளுமாகத் தூள் விழுந்தது.

க்ளீட் முதலில் சிரித்தான். பிறகு படம் எப்படி ஆகிவிட்டது என்று அவன் கண்ணுக்குத் தெரிந்தது. குதிரை மேல் ஒருவன், ஒரு வெள்ளைப் பொத்தலுக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தான்.

"ஏய், எறங்குடி."

அவள் காதில் வாங்கவில்லை. அவன் ஏணியை உதைத்தான்.

அவள் பக்கவாட்டில் கல்தரையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் தபால் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த டேஸுக்கே கேட்டது. க்ளீட் அவள் விலாவில் உதைத்தான். பிறகு வாயில். முன்பற்கள் இரண்டு சேற்றில் சிதறின.

"க்ளீட், இது சர்க்கார் கட்டடம்ப்பா" என்று டேஸ் கத்தினார். குரல் கீச்சென்று வந்தது.

"உன் சர்க்காரையும் சேத்து உதைக்கறேன், பேசாம இரு."

அவன் குனிந்து அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். முகம் முகத்துக்கு நேராக வந்தது. சுரண்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவள் ஒரே வீச்சாக மேலே இழுத்தாள். விளிம்பு கன்னத்தில் ஏறி, இடது கண்ணைத் தோண்டிக்கொண்டு போய், புருவ எலும்பில் நின்றது. க்ளீட் போட்ட அலறலில் வெளியே கட்டியிருந்த குதிரைகள் கடிவாளத்தை இழுத்தன.

ஷெரிஃப் வந்தார். இரத்தத்தில் கிடந்த வெர்டியைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். அவளை எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள், எந்த மரத்தடியில் தூக்குக் கயிறோடு வண்டி நிற்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யூஜின் டேஸ் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து வாசலில் நின்றார்.

"ஷெரிஃப், இந்த வாசப்படிக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு அதிகாரம் இல்லை."

"யூஜின், விளையாடாத. விலகு."

"இது மத்திய சர்க்கார் இடம். மேலிடத்துக்கு ஃபோன் பண்ணிட்டேன். அவங்க ஆள் வர்ற வரைக்கும் அவ இங்கயேதான் கெடப்பா."

ஷெரிஃப் அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். டேஸ் பின்னால் போய்க் கதவில் இடித்துக்கொண்டு, திரும்பவும் வந்து அதே இடத்தில் நின்றார். வரிசையில் நின்றிருந்தவர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஒருவர்கூட நகரவும் இல்லை. எல்லோர் எதிரிலும் ஒரு சர்க்கார் ஆளை அடித்துத் தள்ள ஷெரிஃபுக்கு மனம் வரவில்லை. திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்.

அப்படித்தான் வழக்கு உள்ளூர் கோர்ட்டுக்குப் போகாமல், ரயிலேறிப் போக வேண்டிய மத்திய கோர்ட்டுக்குப் போனது. பண்ணைக்காரர்களின் கை அங்கே அவ்வளவாக எட்டாது. வெர்டியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மொசெல், கறுப்பர்களுக்கென்று விட்ட மேல்மாடத்தில், ஓராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவன் முகத்தை விட்டுட்டு உன் முகத்தை ஏன் சுரண்டின?" என்று கேட்டார் நீதிபதி.

முன்பற்கள் இல்லாததால் அவள் பேச்சில் காற்று வந்தது. மெதுவாகத்தான் சொன்னாள். பச்சைக் காயை எறிந்தது, ஆர்லின் சாக்கில் சரிந்தது, பிறகு டிசம்பர், கொப்பரை, கொக்கி. க்ளீடின் வக்கீல் இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் நீதிபதி உட்காரச் சொன்னார். டேஸ் சாட்சிக் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்.

சர்க்கார் கட்டடத்தில் ஒரு வேலைக்காரியை அடித்து முடமாக்கியதற்காக க்ளீடுக்கு ஒரு வருஷம் சிறை. அவன் கண் போனதைத் தற்காப்பு என்று விட்டுவிட்டார்கள். ஆனால் சர்க்கார் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக வெர்டிக்கும் சிறை, விதைப்புக் காலம் வரை. ஆர்லின் விஷயத்தில் தனக்கு அதிகாரம் இல்லை, அது உள்ளூர் கோர்ட்டின் பொறுப்பு என்றார் நீதிபதி. சொல்லும்போது அவர் வெர்டியைப் பார்க்கவில்லை.

"அப்போ என் புருஷனைத் தபால் ஆபீஸுக்குள்ள கொண்டாந்து கொன்னிருந்தா நியாயம் கெடச்சிருக்கும், அப்படித்தானேங்க?" என்றாள் வெர்டி.

அவளை வெளியே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

சிறைக்கு மொசெல் ஒருமுறை ஓராவைக் கூட்டி வந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சுப் பேசினாள். பிறகு, "படத்தைப் போய்ப் பாத்தேன்" என்றாள். "எங்காளுங்க யாருக்கும் மூஞ்சி இல்ல. இப்ப உனக்கும் இல்ல. எங்க வரிசையில சேந்துட்ட, போ."

வெர்டி சிரித்தாள். விலா இன்னும் வலித்தது, பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் வெளியே வந்த கொஞ்ச நாளில், படத்தைப் பழுது பார்க்க பிர்க்கை மறுபடி அனுப்பினார்கள். அவர் மொசெல் வீட்டுக் கொல்லைக்கு வந்து, அவிந்துகொண்டிருந்த துணிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு தெரியும்."

"அவன் முகத்தையும் அழிச்சிடட்டுமா? வேலையே போனாலும் பரவாயில்லை."

வெர்டி கழியால் துணியைக் கிண்டினாள். "வேணாம். அவன் இருக்கட்டும். வர்றவங்க, இவன் யாருன்னு கேப்பாங்க. கேக்கட்டும். எனக்கு மூஞ்சி வேணாம், முதுகைப் போடுங்க."

பிர்க் அப்படியே செய்தார். இப்போது படத்தில் அந்தப் பெண் குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயில் தொப்பியோடு நடந்து போகிறாள். குவளை அந்தரத்தில் நிற்கிறது. மேலிடத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

க்ளீட் ஒற்றைக் கண்ணோடு திரும்பி வந்தான். கோர்ட்டில் பெயர் கெட்டவனைப் பண்ணை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. குதிரையும் பண்ணையுடையது. பஞ்சு அரவை மில் முற்றத்தில் மூட்டை உருட்டப் போனான். அவன் சாட்டையில் அடிபட்டவர்கள் அந்த முற்றத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். முன்பு அவன் குதிரை மேல் இருந்தான், இப்போது அவர்களோடு தரையில் நின்றான்.

அது எப்படி ஆரம்பித்தது என்பதில் ஆளுக்கொரு பேச்சு. வெர்டியும் மொசெலும் வெளுத்த துணியை மில் அதிகாரி வீட்டுக்குக் கொடுக்க வண்டியில் வந்திருந்தார்கள். அவர்கள் பார்க்கும்போது ஐந்தாறு பேர் அவனைச் சுற்றியிருந்தார்கள். தபால் ஆபீஸில் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒருவன் மூட்டைக் கொக்கியை அவன் தோளில் இறக்கி இழுத்தான். இன்னொருவன் முழங்காலில் இரும்புக் கம்பியால் அடித்தான், கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியது. குருட்டுப் பக்கத்திலிருந்து வந்த அடிகளை அவனால் தடுக்கவே முடியவில்லை. தவழ்ந்து தவழ்ந்து வண்டிச் சக்கரத்தருகே வந்துவிட்டான்.

"வெர்டி, போதும்னு சொல்லு. நீ சொன்னாக் கேப்பாங்க."

மொசெல் அவள் முகத்தைப் பார்த்தாள். அடித்தவர்களும் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

வெர்டி ஒன்றும் சொல்லவில்லை. கடிவாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் அவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மொசெல்தான் கடைசியில் கீழே இறங்கிப் போய், "செத்துருவான், விடுங்கடா" என்று சத்தம் போட்டாள். கறுப்பினப் பெண் ஒருத்தி தங்களை அதட்டியதில் திகைத்தே அவர்கள் நின்றார்கள். க்ளீட் பிழைத்தான். நடக்கத் தேறியதும் டெக்சஸ் பக்கம் போய்விட்டான். பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"ஏம்மா நீ சொல்லல?" என்று பல வருஷம் கழித்து ஓரா கேட்டாள்.

"சொல்ல வாய் வரல. சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன், அதுவும் வரல. பசிதான் எடுத்துச்சு. வீட்டுக்குப் போய் சோளரொட்டி தின்னேன்."

யுத்த காலத்தில் வெர்டி மகளோடு செயின்ட் லூயிஸுக்குப் போய், ஒரு கசாப்புத் தொழிற்சாலையில் கத்தி வேலைக்குச் சேர்ந்தாள். காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். சின்னப் பெண்கள் மேல் கை வைத்த மேஸ்திரி ஒருவனின் கட்டைவிரலை வெட்டியதாக அவள் மேல் ஒரு புகார் வந்தது. கத்தி வழுக்கிவிட்டது என்றாள். அந்த வெட்டு மேடையில் இருந்த அத்தனை பெண்களும் வழுக்கியதைப் பார்த்தோம் என்றார்கள்.

அறுபது வயதுக்கு முன்பே நெஞ்சுவலியில் செத்தாள். ஆர்லின் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஓரா பெட்டியை ரயிலில் ஏற்றி ஹார்லோவுக்குக் கொண்டுவந்தாள். பண்ணையில் இப்போது ஆள்களே இல்லை. எல்லாம் இயந்திரம். பழைய இடுகாட்டை உழுது சோயா விதைத்திருந்தார்கள். ஆர்லின் எந்தச் சாலுக்கு அடியில் கிடக்கிறான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஊர் வெள்ளையர் இடுகாட்டுக் குழுவினர், அங்கே அவளுக்கு இடம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் மறக்கவில்லை.

மொசெல் கிழவியாகியிருந்தாள். "இங்க கொண்டா" என்றாள். சங்கக் கூட்டம் நடந்த அதே தேவாலயத்தின் பின்புறம், தன் ஆட்களுக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னாள். பாதிரியார் தயங்கினார், மொசெல் விடவில்லை. ஓய்வு பெற்றிருந்த டேஸும் வந்து, ஓரமாக நின்று, தொப்பியைக் கழற்றினார்.

அந்த வாரமே யாரோ தேவாலய ஜன்னல்கள் அத்தனையையும் கல்லால் அடித்து உடைத்தார்கள். மொசெல் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள், உள்ளங்கையில் இரண்டு இடத்தில் வெட்டியது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விளக்கேற்றி நடத்தினார்கள்.